சுற்றுகிற சஹன்

எங்கள் மாமா கல்முனையில் சைனீஸ் ஹோட்டல் திறக்கப் போகிறார் என்ற கதை பரவியதும் ஊரில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் பாம்பும் பொரிப்பாரா என்று விசாரித்தார்கள். மாமா உம்மாவின் ஒரே தம்பி. கொழும்பில் ஒரு சீனாக்காரரின் குசினியில் பல வருஷம் நின்று, மாப் பிசையவும் ஆவியில் அவிக்கவும் பழகி, எழுபதுகளின் கடைசியில் இரண்டு பிரம்புக் கூடைகளோடு பஸ்ஸில் வந்து இறங்கியவர். அந்தக் கூடைகளைப் பார்த்த உம்மா, "இடியப்பத் தட்டுக்கு மூடி போட்டுக் கொண்டு வந்திருக்கான்" என்றார். ஹராம் ஹலால் பற்றியும் கேட்டார். "நான் அவிச்சது இறாலும் கோழியும்தான் ராத்தா, என்ட சட்டி வேற" என்று மாமா சத்தியம் பண்ணாத குறை.

ஊர்ச் சிரிப்பு மாமாவுக்கு ஒரு பொருட்டில்லை. அவருடைய கவலையெல்லாம் அவருடைய இரண்டு சகோதரிகள்: மூத்தவர் என் உம்மா, இளையவர் என் சாச்சி. ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு அவர்கள் இருவருக்கும் கதை பேச்சு இல்லை.

இரண்டு பேருக்கும் சீதனமாகக் கிடைத்த வீடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நடுவில் ஒரு கிடுகு வேலி. வேலியை ஒட்டி எங்கள் பக்கம் ஒரு தென்னை. சண்டை அந்தத் தென்னையில்தான் வந்தது என்று நான் அடித்துச் சொல்வேன், ஏனென்றால் நான் அங்கே நின்றேன். சாச்சி தனக்கும் கொஞ்சம் தேங்காய் வேண்டும் என்று கேட்டார். உம்மாவுக்கு அன்றைக்கு என்ன எரிச்சலோ, "புள்ள குட்டி இல்லாத ஊட்டுக்கு எதுக்கு இத்தன தேங்கா?" என்று சொல்லிவிட்டார். சாச்சி உள்ளே போய்விட்டார். எனக்கு அது நியாயமான கேள்வியாகவே பட்டது. அவர்கள் வீட்டில் சாச்சாவும் சாச்சியும் மட்டும்தான். கலியாணம் முடித்துப் பல வருஷமாகியும் இரண்டே பேர். இரண்டு பேருக்கு ஒரு தேங்காய் போதாதா?

அந்தச் சண்டையால் எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது. அப்போது எனக்கு எட்டு வயது. கிணற்றடியில் நின்று உம்மா சொல்வார்:

"மகள், உன்ட சாச்சிட்ட செல்லு, அவட கோழி நம்மட வெங்காயப் பாத்தியக் கிண்டுது."

சாச்சி வேலிக்கு அந்தப் பக்கம், குடத்தை இடுப்பில் வைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நிற்பார். ஆனாலும் நான் வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை விட்டு ஒரு சொல் குறையாமல் ஒப்புவிக்கும்வரை காது கேளாதவர் மாதிரி இருப்பார். பிறகு, "உன்ட உம்மாட்ட செல்லு புள்ள, கோழிக்கு வேலி தெரியாது. மனிசருக்குத்தான் தெரியும்" என்பார். நான் தலையை வெளியே இழுத்து, சாச்சியின் குரலிலேயே அதை உம்மாவிடம் சொல்வேன். இந்தப் பக்கம் ஒரு துண்டு முட்டாய், அந்தப் பக்கம் ஒரு கை வறுத்த கச்சான். வகுப்பில் என்னைப் போல முக்கியமான ஆள் வேறு யாருமில்லை என்ற எண்ணத்தில் திரிந்தேன்.

வாப்பாவும் சாச்சாவும் சந்தித் தேத்தண்ணிக் கடையில் ஒரே வாங்குப் பலகையில் குந்தி ஒரே பீடியைப் பற்றவைத்துக்கொள்வார்கள். ஒழுங்கைக்குள் திரும்பியதும் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி நடப்பார்கள்.

மாமாவின் பொறுமை ஒரு கலியாண வீட்டில்தான் போனது. எங்கள் பக்கத்தில் கலியாணச் சோற்றைப் பெரிய தட்டில் குவித்து, ஆறு பேர் சுற்றியிருந்து தின்போம். அந்தத் தட்டுக்குப் பெயர் சஹன். ஒரே சஹனில் இருக்க மாட்டோம் என்று உம்மாவும் சாச்சியும் நின்றுவிட, இரண்டு பேருக்காக இன்னொரு சஹன் போட வேண்டி வந்தது. ஊரே பார்த்தது. மாமா தன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

ஹோட்டல் திறப்பதற்கு முதல் நாள் அஸர்த் தொழுகைக்குப் பிறகு, குடும்பத்துக்கு மட்டும் சாப்பாடு என்று மாமா சொல்லிவிட்டார். உம்மாவிடம் வந்து, "தங்கச்சி வரமாட்டாளாம் ராத்தா, நீங்க வாங்க" என்றார். சாச்சியிடம் போய், "ராத்தா வரமாட்டாவாம், நீ வா" என்றார். இரண்டு பேரும், கூடப்பிறந்தவனைக் கைவிடாத நல்ல சகோதரி தான் ஒருத்திதான் என்ற நிமிர்வோடு புறப்பட்டார்கள்.

நாங்கள் உள்ளே நுழையும்போது சாச்சியும் சாச்சாவும் வந்து அமர்ந்திருந்தார்கள். உம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வரமாட்டா எண்டுதானே நீ செல்லின?"

"செல்லக்குள்ள வரமாட்டாதான். இப்ப வந்திட்டா. நான் என்ன செய்ய?" என்றார் மாமா.

உம்மா முந்தானையை இழுத்துக்கொண்டு திரும்பினார். அதற்குள் வாப்பா ஒரு கதிரையில் இருந்துவிட்டார். "நான் இருந்திட்டன். இனி எழும்ப ஏலா. முழங்கால்." வாப்பாவின் முழங்கால் அந்த வயதில் பழுதில்லாத முழங்கால்.

மேசையில் ஒரு விசித்திரம் இருந்தது. வட்ட மேசைக்கு மேலே இன்னொரு வட்டப் பலகை. அட்டாளைச்சேனைத் தச்சு ஓடாவி ஒருவரைக் கொண்டு, பழைய உழவு மெஷினில் கழற்றிய பெயாரிங்கை வைத்து மாமா செய்வித்தது. விரலால் தொட்டால் பலகை 'கிறீச்' என்று சுற்றும். அதன்மேல் இருக்கிற எல்லாம் ஊர்வலம் போகும். சாச்சா வாயைப் பிளந்தார்.

"மச்சான், சஹன் சுத்துது!"

"சீனாவில இப்பிடித்தான். ஒராளுக்கும் எட்டாத கறி இல்ல" என்றார் மாமா.

உம்மாவும் சாச்சியும் நேருக்கு நேர் இருந்தார்கள். வட்ட மேசையில் அதைவிடத் தூரமாக இருக்க முடியாது. அதைவிட நன்றாக முகம் பார்க்கவும் முடியாது. அதை மாமா யோசிக்காமலா கதிரை போட்டிருப்பார்?

கூடைகள் வந்தன. மூடியைத் திறந்ததும் ஆவி எழும்பி எல்லோருடைய முகத்தையும் மறைத்தது. உள்ளே, வாய் கட்டிய குட்டிப் பொட்டலங்கள் மாதிரி வெள்ளை வெளேரென்று ஏதோ. "இது டிம் சம்" என்று மாமா பெருமையாக அறிவித்தார்.

"என்னது, திம்பமா?" என்றார் வாப்பா.

"டிம் சம், மச்சான்."

"பேரே திம்பம் எண்டுதானே இருக்கு. பிறகென்ன, திம்பம்!"

சாச்சா குச்சிகளை எடுத்துக் காது குடையப் பார்த்தார். பிறகு எல்லோரும் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையாலேயே எடுத்தோம். மெல்லிய மாவுத் தோலைக் கடித்தால் இறாலும் இஞ்சியும் சூடாக வந்து நாக்கைச் சுடும். ஊதி ஊதித் தின்றேன். கோழி வைத்தது ஒன்று, கோவா மரக்கறி வைத்தது ஒன்று, எள் ஒட்டியது ஒன்று. வாப்பாவுக்குத் தேத்தண்ணிதான் பிடிக்கவில்லை. "சீனாக்காரன் எண்டு பேர், சீனி ஒரு கரண்டி இல்ல!" என்று கோப்பையைத் தள்ளி வைத்தார்.

சஹனில் இருந்தால் அவரவர் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும் என்பது எங்களுக்குப் பால்குடி வயதிலேயே ஊட்டிய ஒழுங்கு. இந்தச் சஹனிலோ முன்னால் இருப்பது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறியது. வாப்பா கையை நீட்டும்போதெல்லாம் கோழி போய்க் கோவா வந்தது. நான் சுற்றினேன். மாமா சுற்றினார். பெயாரிங் கத்தியது.

கோழிக் கூடை சாச்சியின் முன்னால் போனபோது அவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். வாப்பா அதைக் கவனிக்கவில்லை. உம்மா கவனித்தார். சாச்சி ஒரு இறால் கொழுக்கட்டையை எடுத்து, வினாகிரியில் பச்சை மிளகாய் அரிந்து போட்ட கோப்பைக்குள் முக்காமல், அமிழ்த்தியே எடுத்தார். சாப்பிட்டுவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து விரலையும் சூப்பினார்.

பலகை சுற்றி வினாகிரிக் கோப்பை உம்மாவிடம் வந்து நின்றது. உம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு விரலை வைத்து மெதுவாகத் தள்ளினார். கிறீச். கோப்பை சாச்சியின் முன்னால் போய் நின்றது.

உம்மாவுக்கு வினாகிரி பிடிக்காது போலும் என்று நினைத்தேன். பிடிக்காததை எதிரியின் பக்கம் தள்ளுவதும் சண்டையில் ஒரு வகைதானே.

அடுத்ததாக இறால் கூடை. கிறீச். அதையும் உம்மா சாச்சிக்குத் தள்ளினார். தான் ஒன்றுகூட எடுக்கவில்லை. மாமா புதிதாக ஒரு கூடையைக் கொண்டு வந்து உம்மாவின் முன்னால் வைத்தார். அதுவும் போனது. சாச்சி தலை நிமிராமல் தின்றுகொண்டே இருந்தார். நான் பலகையில் கை வைக்கப் போக, வாப்பா என் கையைப் பிடித்து மடியில் வைத்தார்.

உம்மா கேட்டார்: "எத்தன மாசம்?"

என் பெயரைச் சொல்லவில்லை. 'சாச்சிட்ட செல்லு' என்று சொல்லவில்லை. அது யாரிடம் கேட்ட கேள்வி என்று எனக்குக் குழம்பியது. ஆனால் விடை தெரிந்த ஒரே ஆள் நான்தானே. யாரோடு யாருக்குக் கதை பேச்சு இல்லை, எப்போதிருந்து இல்லை என்ற கணக்கெல்லாம் என் கையில்தான் இருந்தது.

"ஹஜ்ஜுப் பெருநாளையிலிருந்து ஆறு மாசம் உம்மா!" என்று உரத்துச் சொன்னேன்.

சாச்சாவுக்குத் தேத்தண்ணி புரையேறியது. மாமா குசினிப் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கினார். சாச்சி சிரிக்கத் தொடங்கி, அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாக, முந்தானைக்குள்ளால் மூன்று விரலைக் காட்டினார்.

"மூணு இல்ல சாச்சி, ஆறு! நான் எண்ணினனான்!"

"வாய மூடு புள்ள" என்றார் வாப்பா. ஆனால் அவருடைய குரலில் கோபம் இல்லை.

உம்மா எழும்பினார். பலகைதான் சுற்றுமே, எதற்கு நடக்கிறார் என்று பார்த்தேன். மேசையைச் சுற்றிப் போய் சாச்சியின் தலையில் கையை வைத்தார்.

"அல்ஹம்துலில்லாஹ். என்னட்ட ஒரு வார்த்த செல்லப்படாதா, தங்கச்சி? நான் அண்டைக்குச் செல்லின கத..."

"அத உடுங்க ராத்தா. அந்தக் கூடைய இஞ்சால திருப்புங்க."

"திருப்புறன். தேங்கா எவ்வளவு வேணும் எண்டாலும் எடுகா. மரத்தையே எடு."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. கடைசியில் தேங்காய்ப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. அதற்காக இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழத் தேவையில்லை என்று மட்டும் தோன்றியது.

வீடு திரும்பும்போது வாப்பாவின் கையைப் பிடித்து முறையிட்டேன். "சாச்சிக்குக் கணக்குத் தெரியாது. பிழையாச் சொன்னா. நீங்க எல்லாரும் அதச் சரி எண்டு உட்டுட்டீங்க."

"பொறு மகள். அடுத்த ஹஜ்ஜுப் பெருநாள் வரக்குள்ள கணக்குச் சரியா வரும்" என்றார் வாப்பா. பக்கத்தில் சாச்சாவும் வந்தார். ஒழுங்கைக்குள் திரும்பிய பிறகும் இருவரும் கதைத்துக்கொண்டே வந்தார்கள்.

அடுத்த நாள் காலையில் உம்மா கிணற்றடிக்கு வந்ததும் நான் வழமைபோல் ஓடிப்போய் வேலிப் பொட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு தயாராக நின்றேன்.

"தங்கச்சி! புளி கூட விட்டு மீன் ஆக்கியிருக்கன், வாகா!" என்று உம்மா கூப்பிட்டார்.

"வாறன் ராத்தா!" என்றார் சாச்சி.

வார்த்தைகள் என் தலைக்கு மேலாலேயே போய், மேலாலேயே திரும்பின. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. முட்டாயும் இல்லை, கச்சானும் இல்லை. நேற்றுச் சொன்ன விடையில்தான் எங்கோ பிழை விட்டுவிட்டேன், அதனால்தான் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். கிணற்றுக் கட்டில் குந்தி, ஹஜ்ஜுப் பெருநாளிலிருந்து விரல் விட்டுத் திரும்ப எண்ணிப் பார்த்தேன்.

ஆறுதான் வந்தது.