கலைச்செல்வியின் கறுப்பு ஸ்கிரீன்

அன்று கடலூர் பார்சல் ஆபீஸில் இருந்தது நாலே பேர். மேனேஜர் பக்கிரிசாமி, மூட்டை தூக்கும் அந்தோணி, கம்ப்யூட்டரில் கலைச்செல்வி, லேபிள் ஒட்டும் நான்.

கலைச்செல்வி இன்று காலை சிதம்பரத்தில் இறந்துபோய்விட்டாள்... அந்தோணிதான் போன் செய்து சொன்னான்.

மூன்றாம் கிளாஸோடு நின்ற எனக்கு டைப் அடிக்கச் சொல்லிக்கொடுத்தவள். லெட்டர் அடிக்கும் கம்ப்யூட்டரில், "கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேத்து அமுக்கு தனலட்சுமிக்கா, அடிச்சது எங்கயும் போவாது" என்பாள்.

2006. அவள் சாப்பிடப் போன நேரம். "ரெண்டு என்ட்ரி போட்டு வையிக்கா, வந்துர்றேன்."

பார்சல் என்ட்ரிக்கு வேறு கம்ப்யூட்டர். கறுப்பு ஸ்கிரீன், வெறும் எழுத்து. போட்டேன். பத்திரமாக இருக்கட்டும் என்று அதே கன்ட்ரோல் எஸ்ஸை அமுக்கினேன்.

அப்படியே நின்றுவிட்டது. எதைத் தட்டினாலும் அசையவில்லை. பயத்தில் பிளக்கைப் பிடுங்கினேன்... காலையிலிருந்து அவள் போட்டது மொத்தமும் போனது.

"பொம்பளைங்க கையில மிஷினக் குடுத்தா இப்பிடித்தான். நாளையிலேர்ந்து வராத" என்று பக்கிரிசாமி அவளைத்தான் விரட்டினார்.

தன் இடத்தில் என்னை உட்காரவைத்துவிட்டுப் போனதை அவள் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை.

அன்று நான் லேபிள் ஒட்டி வண்டி ஏறிப்போன முப்பத்தெட்டு பார்சலும் எனக்கு மனப்பாடம். ஸ்ரீமுஷ்ணத்துக்கு ரெண்டு பாத்திர மூட்டை, செம்மங்குப்பத்துக்கு ஒரு மோட்டார்... இன்றைக்கும் சொல்வேன். அன்று சொல்லியிருந்தால் அரை மணியில் திரும்ப அடித்திருப்பாள், வேலையும் தப்பியிருக்கும். வாயைத் திறந்தால் தொட்டது யாரென்று தெரிந்துவிடுமே... குனிந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

நாலு வருஷம் கழித்து சிதம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளைப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தாள். அன்று கம்ப்யூட்டர் ஏன் நின்றது என்று அப்போதுதான் கேட்டேன்.

"நீ அமுக்குனது புரோகிராமுக்கே போயிருக்காதுக்கா. நடுவுல அந்தக் கறுப்பு ஸ்கிரீனே புடிச்சிக்கும். அதுக்குக் கன்ட்ரோல் எஸ்னா நில்லுன்னு அர்த்தம், அந்தக் காலத்துப் பழக்கம். கன்ட்ரோல் க்யூ அமுக்குனா மறுபடி ஓடும்."

"அப்ப ஒண்ணும் போவலியாடி?"

"நீ ஒயரப் புடுங்குற வரைக்கும் போவல." சிரித்தாள். "டீ ஆறுது, குடி."

அப்போதும் மன்னிச்சிக்கோ என்று வாயில் வரவில்லை.

போய் வா கலை. பஸ் ஏறிவிட்டேன்... உன் முகத்தைப் பார்க்கத்தான் தைரியம் இல்லை.

உன்னை விரட்டிய நாளிலிருந்து ஆறு வருஷமாகப் பக்கிரிசாமியோடு பேச்சில்லை. அந்த ஆளைக்கூட ஒரு நாள் விட்டாலும் விடுவேன்.

இந்தத் தனலட்சுமியை மன்னிக்க மாட்டேன்.