அந்த ஸ்விட்ச்சை யாரும் அணைக்காதீர்கள்

கார் எலெக்ட்ரீஷியனைத் தேடி வரும் வண்டிகளில் பாதி, ஏதோ ஒன்று எரியவில்லை என்று வரும். மீதிப் பாதி, ஏதோ ஒன்று எரிந்துவிட்டது என்று வரும். ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் கடை போட்டு, இந்த இரண்டு பாதிக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவன் நான். பழைய காரை விற்கவும் மனசில்லாமல் ஓட்டவும் முடியாமல் சென்னை டிராஃபிக்கில் அவதிப்படும் என் இனத்தவரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வண்டி ஓரமாக நிற்கும் நேரத்தில் படிக்கலாம்.

இன்ஜின் தண்ணீர் சூடானால் அதைக் கண்டுபிடிக்க ரேடியேட்டரில் ஒரு சென்சார் உண்டு. சூடு ஏறியதும் அது ரேடியேட்டர் ஃபேனைத் தானாக ஓட விடும். வண்டிக்கு வயதானால் சென்சார் மண்டையைப் போட்டுவிடும். புதிது வாங்கலாம் என்று போனால், அப்படி ஒரு மாடல் செய்ததையே கம்பெனி மறந்திருக்கும். அப்போதுதான் என்னிடம் வருவார்கள். நான் டேஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச் வைத்து, ஃபேன் இழுக்கும் கரன்ட்டைத் தாங்க நடுவில் ஒரு ரிலே போட்டு, ஃபேனைக் கையாலேயே போட்டுக்கொள்கிற மாதிரி வயரிங் செய்து கொடுப்பேன். வேலை சுலபம்தான். வைத்த ஸ்விட்ச்சை மனிதர்கள் தொடுவார்கள் பாருங்கள், அங்கேதான் தலைவலி.

பாண்டி பஜாரில் பொங்கியது

சாந்தோம் ஸ்டெல்லா டீச்சர் கணக்கு சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆனவர். அவருடைய காருக்கும் அவர் மகள் ஷீலாவுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அந்தக் கார் ஒரு நாள் பாண்டி பஜாரில் பொங்கிவிட்டது என்று போன் வந்தது. பக்கத்துக் கடை கபாலியின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு போனேன். கபாலி ரேடியேட்டர் மெக்கானிக். எந்த வண்டி சூடானாலும் அவன் வயரிங்தான் காரணம் என்பான், நான் ரேடியேட்டர்தான் காரணம் என்பேன். இப்படித்தான் நாங்கள் நண்பர்களாக இருக்கிறோம்.

அங்கே பானெட்டிலிருந்து புகை புகையாக ஆவி வந்துகொண்டிருந்தது. ஹேண்ட்பேக் விற்கிறவர் ஒருவர் அட்டையால் இன்ஜினுக்கு விசிறிக்கொண்டிருந்தார். இன்னொருவர், இன்ஜின் போயேவிட்டது என்று துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தார். ஷீலா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அடையாறில் ஆபீஸ் மீட்டிங்கைப் பாதியில் விட்டு ஓடி வந்திருக்கிறாள், பாவம். "மம்மி, இன்னொரு தடவை இது நடுரோட்டில நின்னா காயலான் கடைக்குப் போட்டுடுவேன். எங்கே போகணும்னாலும் நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள். டீச்சர் தலையாட்டினார். ஷீலா ஆட்டோ பிடிக்க நகர்ந்ததும் என் பக்கம் திரும்பினார். எனக்கு அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "வண்டி இருந்தா 'போயிட்டு வரேன்'னு சொல்லுவேன் சேகர். வண்டி இல்லேன்னா 'போகட்டுமா'ன்னு கேக்கணும்."

சிவப்பாகத்தான் கிடைத்தது

சென்சார் செத்திருந்தது. வேறு கிடைக்கவில்லை. கையால் போடும் ஸ்விட்ச்தான் வழி என்று முடிவானது. உள்ளே விளக்கு எரிகிற மாதிரி ஸ்விட்ச் வேண்டும், அப்போதுதான் ஃபேன் ஓடுகிறதா என்று டீச்சருக்குத் தெரியும். பச்சை விளக்கு கேட்டேன், கடையில் சிவப்புதான் இருந்தது. வைக்கும் இடத்திலும் தகராறு. ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் வைக்கலாம் என்று டிரில்லை எடுத்தேன். டீச்சர், என்னவோ அவர் நெற்றியிலேயே ஓட்டை போடப்போகிற மாதிரி பதறி, "புதுசா ஓட்டை போடாதீங்க சேகர்!" என்றார். சரி என்று, டேஷ்போர்டின் நடுவில் பழைய சிகரெட் லைட்டர் இருந்த ஓட்டையிலேயே ஸ்விட்ச்சைப் பொருத்தினேன்.

பாடம் எடுத்தேன். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஸ்விட்ச்சைப் போடுங்கள், போட்டுவிட்டு மறந்துவிடுங்கள், சாவியை எடுத்தால் ஃபேன் தானாக நின்றுவிடும், அவ்வளவுதான். டீச்சர் நல்ல மாணவியாகத் திருப்பிச் சொன்னார். பக்கத்தில் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு நின்ற கபாலி மட்டும் அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "மச்சி, செவப்பு லைட்டு எரிஞ்சா எவனுக்கும் கை சும்மா இருக்காது. பாத்துக்கினே இரு."

கைக்குப் பழகிய வேலை

ஓட்டிப் பார்க்க லஸ் பக்கம் போனோம். நான் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். முதல் சிக்னலில் வண்டி நின்றது. டீச்சர் அழகாகக் கையை நீட்டி ஃபேனை அணைத்தார். ஏன் என்றேன். "வண்டிதான் நிக்குதே, வீணா எதுக்கு ஓடணும்?" என்றார். நிற்கும்போதுதான் ஃபேன் வேண்டும், ஓடும்போது காற்றே வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்று விளக்கினேன். டீச்சர் அதை என்னைவிடத் தெளிவாக எனக்கே திருப்பி விளக்கினார். அடுத்த சிக்னல் வந்தது. கை மறுபடியும் போய் அணைத்தது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடித்ததும் வகுப்பு வகுப்பாகப் போய் ஃபேனையும் லைட்டையும் அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாராம். வீட்டிலும் அதே சட்டம்தானாம். உங்கள் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் நம் வீடுகளில் நடக்கும் பஞ்சாயத்து நமக்குத் தெரியாதா? கடைசியில் டீச்சரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஸ்விட்ச்சுக்குப் பக்கத்தில் சின்ன மாதா படம் ஒன்றை ஒட்டினார். கை அங்கே போனதும் படத்தைப் பார்த்து ஞாபகம் வருமாம். அடுத்த சிக்னலில் கை போனது, மாதாவைத் தொட்டது, நெற்றியில் சிலுவை போட்டது, திரும்பி வந்து ஃபேனை அணைத்தது.

ஆனாலும் டீச்சர் விடவில்லை. தினமும் காலையில் சர்ச்சில் பூசை முடிந்ததும் சாந்தோமிலிருந்து அடையாறு வரைக்கும் ஓட்டிப் பழகினார். ஒரு வழியாகக் கை அடங்கியது. கடைக்கு வந்து என்னிடம் அறிவித்தார்: "கையைக் கட்டிப்போட்டாச்சு சேகர், மனசுதான் இன்னும் கெடந்து அடிச்சுக்குது."

மயிலாப்பூர் மாமா

இதே ஸ்விட்ச்சை மயிலாப்பூரில் ஒரு மாமாவுக்கும் வைத்துக் கொடுத்தேன். மேற்கு மாம்பலத்தில் இருக்கும் மகளைப் பார்க்க வாரா வாரம் போய்வரும் வண்டி. ஒரு நாள் பானெட் கொதிக்கக் கொதிக்க என் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். ஸ்விட்ச்சைப் பார்த்தால், நான் வைத்த நாளிலிருந்து ஒரு விரல்கூடப் பட்ட மாதிரி தெரியவில்லை. அதற்குப் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

ஏன் மாமா போடவில்லை என்று கேட்டேன். அவர் ஏசியை வைத்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாம்பலத்துல பொண்ணாத்துலேர்ந்து வந்துண்டிருக்கேன். எனக்கே வேர்க்கலையேப்பா, அதுக்குள்ளே வண்டிக்கு என்ன வேர்க்கறது?"

சத்தத்துக்கு ஒரு ஸ்விட்ச்

அசோக் நகர் கால் டாக்ஸி டிரைவர் ஒருவர் வந்து, எனக்கும் ரேடியேட்டர் ஃபேனுக்கு ஸ்விட்ச் வை என்றார். சோதித்துப் பார்த்தேன். அவருடைய சென்சார் கல்லுக்குண்டு மாதிரி வேலை செய்தது. எதற்கு என்றேன், சும்மா ஒரு சேஃப்டிக்கு என்றார். வைத்துக் கொடுத்தேன். பிறகு ஒரு நாள் அதே டாக்ஸியில் சவாரி போக நேர்ந்தது. நல்ல வெயில். ஏசி போடச் சொன்னேன். தலையாட்டிவிட்டு, நான் வைத்துக் கொடுத்த ஸ்விட்ச்சையே தட்டினார். முன்னால் ஃபேன் ஹோவென்று இரைந்தது. என் பக்கம் ஒரு பொட்டுக் காற்று வரவில்லை. கண்ணாடியில் என் முகம் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. கொஞ்சமும் கூசாமல் என்னிடமே சொன்னார்: "ஏசி ஓடிக்கினுதான் கீது சார். சத்தம் வந்துச்சா? காத்து பின்னாலேயே வரும்."

உஸ்மான் ரோட்டில் பரீட்சை

கிறிஸ்துமஸ் நெருங்கியது. பெசன்ட் நகர் மாதா கோயிலுக்குப் பாட்டுக் குழுப் பெண்களைக் காரில் அழைத்துப்போவதாக டீச்சர் வாக்குக் கொடுத்துவிட்டார். ஷீலா ஒத்துக்கொள்ளவில்லை. பாண்டி பஜாரில் நின்ற வண்டி, சனிக்கிழமை சாயங்காலம் உஸ்மான் ரோட்டில் நிற்காமல் வந்து காட்டட்டும். நின்றால் காயலான் கடை, இல்லையென்றால் மம்மி இஷ்டம் என்றாள். துணி எடுக்கும் வேலையும் அங்கேதான் இருந்தது. என் வயரிங்குக்கும் மானப் பிரச்சினை ஆகிவிட்டதால் நானும் வருகிறேன் என்றேன். சனிக்கிழமை டீச்சர் இன்ஜினை அணைக்காமல் என் கடை வாசலில் காரை நிறுத்தியதும், கபாலி கூப்பிடாமலேயே தண்ணீர் கேனோடு வந்து நின்றான். ஷீலா இறங்கி டிக்கியைத் திறந்து கேனை வைக்க இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். மறுபடி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நாங்கள் இருவரும் பின்னால் ஏறினோம்.

மேம்பாலம் வரைக்கும் வண்டி சொகுசாகப் போனது. உஸ்மான் ரோடு வந்ததும் நகர்வது நின்றது. முன்னால் பஸ், பின்னால் ஆட்டோ, இரண்டு பக்கமும் பைகளோடு ஜனம். சூடு காட்டும் முள் மெல்ல எழுந்தது. பாதியைத் தாண்டியது. இன்னும் ஏறியது. டீச்சரின் பின் கழுத்தில் வேர்வை ஓடியது. கபாலி என் விலாவில் இடித்து, "மச்சி, உன் ஃபேன் புட்டுக்கிச்சு" என்றான். ஷீலா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அம்மாவின் தோளில் கை வைத்து, "போதும் மம்மி, ஓரமா நிறுத்துங்க" என்றாள். டீச்சர் இண்டிகேட்டரைப் போட்டார்.

எட்டிப் பார்த்தேன். ஸ்விட்ச்சில் சிவப்பு விளக்கு இல்லை. அணைந்திருந்தது! டீச்சர் இரண்டு கையையும் தூக்கி, "மாதா சத்தியமா நான் தொடலை சேகர்!" என்றார். பின்னால் உட்கார்ந்தபடி எங்கள் கை அங்கே எட்டாது. ஷீலா தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சன்னமான குரலில், "ராயப்பேட்டைல ஏறினப்போ... சிவப்பா எரிஞ்சிட்டிருந்துது. யாரோ மறந்துட்டாங்கன்னு..." என்று இழுத்தாள். நான் எழுந்து இரண்டு சீட்டுக்கும் நடுவில் பாய்ந்து ஸ்விட்ச்சைப் போட்டேன். ஃபேன் உறுமிக்கொண்டு கிளம்பியது. முள் ஏறிய இடத்திலேயே கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு மனசில்லாமல் இறங்க ஆரம்பித்தது. "அவளைத் திட்டாதீங்க. எரியற ஸ்விட்ச்சை அணைக்காம இவளை ஒரு நாள் தூங்க விட்டிருப்பேனா?" என்று டீச்சர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. ஷீலாவும் சிரித்தாள். பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரனில் கையை வைத்து எடுக்கவேயில்லை.

துணி எடுத்துக்கொண்டு வண்டி நிற்காமல் திரும்பி வந்தது. என் கடை வாசலில் இறங்கும்போது ஷீலா சொன்னாள், "சேகர் அண்ணா, அந்த ஸ்விட்ச்சை எடுத்து மம்மியோட வலது கைப் பக்கம் வெச்சிடுங்க. என் கைக்கு எட்டவே கூடாது." டீச்சரைப் பார்த்தேன். "ஓட்டை போட்டுக்கோங்க" என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. மறுநாள் சாந்தோமுக்கே போய் மாற்றிக் கொடுத்தேன். டீச்சர் மாதா படத்தையும் பிய்த்து வலது பக்கம் ஒட்டிக்கொண்டார். வண்டியை ஸ்டார்ட் செய்தார், ஸ்விட்ச்சைப் போட்டார், கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்து ஜன்னல் வழியாக உரக்கச் சொன்னார்: "ஷீலா, போயிட்டு வரேன்!"

அதிலிருந்து ஃபேன் ஸ்விட்ச் வைக்க வருகிறவர்களுக்கு அதை எப்படிப் போடுவது என்று நான் பாடம் எடுப்பதில்லை. வீட்டில் மற்றவர்கள் காரில் எந்தப் பக்கம் உட்காருவார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் ஓட்டை போட ஆரம்பித்துவிடுகிறேன்.