அப்பா வாங்கிய ஆறு சிலிண்டர்

மண்ணெண்ணெயில் ஓடுகிற கார் ஒன்று ஒழுங்கைக்குள் வந்து போனால், அது போய்க் கால் மணித்தியாலம் கழிந்த பிறகும் அதன் வெள்ளைப் புகை வேலியோரத்துக் கிளுவை இலைகளில் தங்கி நிற்கும். கண் எரியும், தொண்டை கரகரக்கும், கொடியில் காயப் போட்ட சட்டையை மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போனால் பக்கத்தில் இருப்பவள் மூக்கைப் பொத்திக்கொள்வாள். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றுபோயிருந்தது. மருந்துப் போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் நாலு துளியைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். அச்சுவேலிச் சந்தியில் வாடகைக்கு ஓடிய கார்கள் எல்லாம் அப்படித்தான் ஓடின. என் அப்பாவின் காரும் அவற்றில் ஒன்று.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அந்தக் காரின் எஞ்சின் திருத்த முடியாதபடி உடைந்து போயிற்று. வேறு கார் பார்த்து வருகிறேன் என்று சைக்கிளில் போன அப்பா, பின்னேரம் மூக்கு நீண்ட கறுப்புக் கார் ஒன்றோடு படலையில் வந்து நின்றார். சைக்கிள் காரின் கூரையில் கட்டியிருந்தது. குருநகரில் படகுகள் வைத்திருந்த ஒரு சம்மாட்டியாரின் கார் அது. அவர் குடும்பத்தோடு வெளிநாடு போகும் அவசரத்தில் விற்றது. அப்பா இறங்கி, முன்மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஆறு சிலிண்டர்!" என்றார்.

அம்மா வீட்டில் தையல் வேலை செய்துவந்தார். கையில் இருந்த துணியைக் கீழே வைக்காமலே வந்து எட்டிப் பார்த்தார். சிலிண்டர் என்றால் என்னவென்று நான் கேட்டதற்கு, "புட்டுக்குழல் மாதிரி ஒண்டு. உள்ளுக்கு ஒரு கட்டை மேலையும் கீழையும் போய் வரும். எல்லாருக்கும் நாலு குழல். உங்கடை அப்பாவுக்கு ஆறு வேணுமாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்கு மேல் விளக்கம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஊர் முழுக்க நாலு சிலிண்டர் கார்கள்தான் ஓடின என்பதையும், அதற்குத் தக்க காரணம் இருந்தது என்பதையும் அடுத்த கிழமையே அறிந்துகொண்டேன். சந்தியில் அப்பாவுக்குப் பக்கத்தில் கார் நிறுத்தும் குணம் அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்து, காரை இரண்டு தரம் சுற்றிப் பார்த்தார்.

"உமக்கென்ன விசரே? இஞ்சை என்ன மலையோ ஏறப்போறீர்? எங்கடை ஊரில பனைமரத்தைவிட உயரமாய் ஒண்டும் இல்லை. இருக்கிற மண்ணெண்ணெயை ஆறு வாயால குடிக்கிறதுக்கு ஒரு வாகனம்!"

அப்பா காருக்குள் எட்டி எஞ்சினை இயக்கி, நிரம்பத் தண்ணீர் விட்ட தம்ளர் ஒன்றை அதன் மேல் வைத்தார். தண்ணீர் அசையவில்லை. குணம் அண்ணையின் காரிலும் அதே தம்ளரை வைத்துப் பார்த்தார்கள். வட்டம் வட்டமாக அலை எழுந்து விளிம்பால் வழிந்தது. "பார்த்தீரோ?" என்றார் அப்பா. "ஓம், பார்த்தனான். தண்ணியை ஏத்திக்கொண்டு போறதெண்டா உம்மடை கார்தான் திறம்" என்றார் குணம் அண்ணை. எனக்கோ அந்தத் தம்ளர்தான் பெரிய அதிசயமாக இருந்தது. இரண்டு குழல் கூடினால் ஏன் நடுக்கம் இல்லாமல் போகிறது? கூடினால் அல்லவா இன்னும் அதிகமாக ஆட வேண்டும்? அன்று பின்னேரமே அப்பா ஓட, நான் பின் ஆசனத்தில் இருந்து தம்ளரைப் பிடித்துக்கொண்டு ஆவரங்கால் வரை போய்ப் பார்த்தேன். குண்டும் குழியுமான றோட்டில் முதல் மதகு வரும் முன்பே தண்ணீர் முழுவதும் என் சட்டையில் இருந்தது. எஞ்சின் எவ்வளவு அமைதியானாலும் றோட்டுக்கு அது தெரியாது என்பதை நான் அம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

மண்ணெண்ணெய் பங்கீட்டில்தான் கிடைத்தது. எங்கள் வீட்டில் விளக்குக்கும் காருக்கும் ஒரே கலன். குணம் அண்ணை கரவெட்டிக்குப் போய் வருகிற எண்ணெயில் அப்பா போக மட்டுமே முடிந்தது. வாடகைக்கு வருபவர்கள் குணம் அண்ணையின் காரைத் தேடிப் போனார்கள். இரண்டு மாதத்தில் அப்பாவின் கார் பெரும்பாலான நாட்களில் முற்றத்து வேம்பின் கீழ் நின்றது. ஐந்தாவது, ஆறாவது சிலிண்டர்களை வேலை செய்யாமல் நிறுத்திவிட்டு, நாலு சிலிண்டர் கார் போல ஓட்டிப் பார்த்தார். அது நாலு கால் ஆட்டுக்கு ஒரு காலில் முள் ஏறியது போல இழுத்து இழுத்து ஓடியது. சந்தைக்கு மரக்கறி ஏற்றிப் போன ஒருவர் பாதி வழியில் இறங்கி, மூட்டைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டார். எதற்காக அப்படி "நொண்டுது" என்று அப்பாவுக்கும் விளங்கவில்லை, குணம் அண்ணைக்கும் விளங்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா சொன்னார்: "வெள்ளிக்கிழமை வன்னிக்குப் போறன். ஒருத்தற்ரை உழவு மெசின் ஓட ஆள் வேணுமாம். காரை ஆரும் கேட்டா, குணத்தைக் கழட்டி விக்கச் சொல்லு."

அந்த நாட்களில் வன்னிக்குப் போவதென்றால் கடல்நீரேரியைப் படகில் கடக்க வேண்டும். வழியில் கடற்படை சுடும், போனவர்களில் சிலர் திரும்பி வந்ததில்லை. "எப்ப வருவியள்?" என்று அம்மா கேட்டார். "வாறன்" என்று மட்டும் அப்பா சொன்னார்.

அப்பாவின் எஞ்சினில் என்னைப் பிடித்து வைத்திருந்த இன்னொரு விஷயம் உண்டு. அதன் பக்கவாட்டில் இரும்போடு இரும்பாகச் சில எண்கள் வார்க்கப்பட்டிருந்தன: ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நான்கு. குழல்களுக்குள் எண்ணெய் வெடிக்கிற ஒழுங்கு அது என்று அப்பா சொல்லியிருந்தார். "வெளியில கேக்கிற வெடி காணாதெண்டு காருக்குள்ளையுமோ?" என்று அம்மா அதற்கு ஒருமுறை சிரித்தார். எனக்கு அந்த ஒழுங்கு வாய்ப்பாடு போல மனப்பாடம். பக்கத்து வீட்டுச் சுகியும் நானும் எதிரெதிரே இருந்து, ஆளுக்கொரு எண்ணாக மாறிமாறிச் சொல்லிக் கைதட்டி விளையாடுவோம். நான் "ஒண்டு" என்றால் அவள் "அஞ்சு". நான் "மூண்டு" என்றால் அவள் "ஆறு". நான் "ரெண்டு" என்றால் அவள் "நாலு". பிழை விட்டவளுக்குத் தலையில் குட்டு.

அப்பா போகப் போவதாகச் சொன்ன இரண்டாம் நாள் சுகி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "நீ எப்பவும் லேசான எண்ணா எடுக்கிறாய். உனக்கு ஒண்டு, ரெண்டு, மூண்டு. எனக்கு மட்டும் நாலு, அஞ்சு, ஆறோ?" என்றாள். சண்டை பிடிக்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவள் சொன்னது உண்மை. என்னுடைய மூன்றும் எஞ்சினின் முன்பாதி. அவளுடைய மூன்றும் பின்பாதி. அவளைச் சத்தம் போடாமல் தட்ட மட்டும் சொல்லிவிட்டு நான் என் எண்களைச் சொன்னேன். ஒண்டு, ஒரு தட்டு, மூண்டு, ஒரு தட்டு, ரெண்டு, ஒரு தட்டு. எங்குமே நொண்டவில்லை. அப்பா செய்தது போல ஐந்தையும் ஆறையும் மட்டும் விட்டுச் சொல்லிப் பார்த்தோம். ரெண்டும் நாலும் அடுத்த சுற்றின் ஒண்டும் ஒட்டிக்கொண்டு வந்தன. மற்ற இடங்களில் பள்ளம் விழுந்தது.

நான் ஓடிப் போனபோது அப்பா உரப்பையில் உடுக்கிற சாரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்வது ஒன்றும் அவருக்கு ஏறவில்லை. "பிறகு பாப்பம் பிள்ளை" என்றார். தையல் மெசினில் இருந்த அம்மாதான் மிதித்த காலை நிறுத்தினார்.

"பிள்ளை சொல்லுறதை ஒருக்கால் கேட்டுப்போட்டுப் போங்கோ. போற இடத்துக்கு இண்டைக்கே போகேல்லைத்தானே."

அப்பா கீழே இருந்தார். சுகியின் இடத்தில் அவரை வைத்துத் தட்டினேன். ஒயில் கறுத்த அந்தப் பெரிய கைகளோடு முதல் தரம் பிழைத்தது. இரண்டாம் தரம் முழுச் சுற்றும் வந்தது. மூன்றாம் தரம் "நாலு" என்று சொல்லும் இடத்தில் அவர் கையை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காமல் வெளியே நின்ற காரைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்விட்டார். பையில் பாதிச் சாரம் வெளியே தொங்கியபடி கிடந்தது.

அடுத்த நாள் குணம் அண்ணையும் வந்தார். எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி, பின்பாதிக் குழல்களின் வாய்களைத் திறந்து மூடும் ஆறு மெல்லிய இரும்புத் தடிகளை உருவி எடுத்தார்கள். வாய் திறக்காவிட்டால் எண்ணெயும் உள்ளே போகாது. மூன்று சிலிண்டரில் எஞ்சினை எழுப்பியபோது சத்தம் மாறியிருந்தது. தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மெசின் போலக் கரகரத்தது. ஆனால் ஒரே சீராக ஓடியது. குணம் அண்ணை காரின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

"நொண்டேல்லை" என்றார். பிறகு, "எண்டாலும் இப்ப உம்மடை கார் மூண்டு, என்ரை நாலு. நான்தான் கூட" என்றார்.

வெள்ளிக்கிழமை அப்பா வன்னிக்குப் போகவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் போகவில்லை. உரப்பையை அம்மா உதறிப் பரணில் போட்டார்.

இதை வைத்து ஆறு சிலிண்டர் வென்றுவிட்டது என்று சொல்ல வரவில்லை. பாதி எஞ்சினை நிறுத்தியதால் எண்ணெய் பாதியாகும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன், அப்படிக் குறையவில்லை. ஏனென்று கேட்டபோது, "செத்த மூண்டையும் மற்ற மூண்டும் தூக்கிக்கொண்டெல்லோ ஓடோணும்" என்றார் அப்பா. குணம் அண்ணையின் நாலு சிலிண்டர் கடைசிவரை எங்களுடையதைவிடக் குறைவாகத்தான் குடித்தது. கரவெட்டிக்கு மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு போன ஒரு நாள், வல்லை வெளியில் எதிர்க்காற்று அடித்து, எங்கள் கார் மூச்சு முட்டி நின்றுவிட்டது. மாப்பிள்ளை தலைப்பாகையைக் கழற்றி, அப்பாவோடு முன் ஆசனத்தில் போயிருந்த என் மடியில் தந்துவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மற்றவர்களோடு சேர்ந்து தள்ளினார். பொம்பிளை வீட்டார் வேர்த்து விறுவிறுத்து வந்த மாப்பிள்ளையைக் கண்டு, பயத்தில் இருக்கிறார் என்று நினைத்தார்களாம்.

பிறகு பல வருடங்கள் கழித்துப் பெற்றோல் வந்தது. அம்மா அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் சுற்றி வைத்திருந்த ஆறு தடிகளையும் அப்பா திரும்பப் போட்டு, எங்களை ஏற்றிக்கொண்டு மருதனார்மடம் சந்தை வரை போனார். அம்மா இறங்கும்போது, "மெசினுக்கு எண்ணெய் விட்டுத் தைச்ச மாதிரிக் கிடக்கு" என்றார். அந்தக் காரைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். ஆனால் அடுத்த வருடமே ஊருக்குள் டீசல் வான்கள் வந்து நிரம்பின. அப்பா ஆறு சிலிண்டரைக் கழற்றி விற்றுவிட்டு, அந்த நீண்ட மூக்குக்குள் பழைய நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்றைப் பொருத்தினார். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நான் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. நான் பல்கலைக்கழகம் போய்ப் படித்து முடித்தது, கடகடவென்று ஆடிய அந்த டீசல் எஞ்சினின் உழைப்பில்.

இப்போது நான் கரவெட்டியில் கணிதம் படிப்பிக்கிறேன். ஆறு குழல்கள் ஒரே வரிசையில் நின்றால், ஒரு கட்டை மேலே போகும்போது உண்டாகும் ஆட்டத்தை மற்றக் கட்டைகள் சேர்ந்து சரிப்படுத்திவிடும், நாலில் மிஞ்சுவது போல மிச்சமாக ஒன்றும் நிற்காது என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட என்னால் முடியும். பத்து வயதில் தம்ளரைப் பார்த்து வந்த வியப்பு, விடை தெரிந்த பிறகும் குறையவில்லை. இன்றைய கார்களின் முன்மூடியைத் திறந்தால் கறுப்புப் பிளாஸ்ரிக் மூடி ஒன்றுதான் தெரிகிறது. உள்ளே எத்தனை என்று கடதாசியைப் பார்த்துத்தான் அறியவேண்டும். ஒழுங்கைத் திருப்பத்தில் சத்தம் கேட்டதுமே இது இன்னாருடைய கார் என்று சொன்ன காலம் போய்விட்டது. குணம் அண்ணையும் போய்விட்டார். சுகி நோர்வேயில் மின்சாரக் கார் ஓடுகிறாள். அதற்குச் சிலிண்டரே இல்லையாம்.

போன மாதம் நாங்கள் ஒரு கார் வாங்குவதென்று முடிவெடுத்தோம். லண்டனிலிருந்து வந்திருந்த என் கணவரின் தம்பி, "எடுக்கிறதெண்டா ஆறு சிலிண்டர் எடுங்கோ அண்ணி, மற்றதெல்லாம் காரே?" என்று ஒற்றைக் காலில் நின்றார். கணவருக்கு நாலே அதிகம் என்ற எண்ணம். நான் அச்சுவேலிக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன். எண்பதை நெருங்கும் அவர், தேநீரை ஆற்றி ஒரு வாய் குடித்தார்.

"ஆறுதான் நல்லது," என்றார். "ஆனா நாலைத்தான் வாங்கோணும்."

"அப்ப நீங்கள் ஏன் ஆறை வாங்கினனீங்கள்?"

"நானும் அண்டைக்கு நாலு வாங்கத்தான் போனனான், பிள்ளை. மருதனார்மடத்தில ஒண்டு பேசி வைச்சிருந்தது. பழைய ரயர் ஒண்டு இருக்குமோ எண்டு கேக்கத்தான் குருநகருக்குப் போனனான். சம்மாட்டியார் சும்மா ஒருக்கால் ஸ்ராட் பண்ணிக் காட்டினார்."