அசனத்தில் சித்திக்குப் போட்ட இலை

என்னை ஓரிடத்தில் உட்கார வைப்பது அந்தக் காலத்தில் யாராலும் ஆகாத காரியம். கோயிலில் சாமியார் பிரசங்கத்துக்கு வாயைத் திறந்ததும் எனக்குக் காலில் அரிப்பெடுக்கும். ஜெபமாலை பாதி தாண்டுவதற்குள் நாலு தடவை தண்ணீர் குடிக்கப் போய்விட்டு வந்திருப்பேன். “புள்ளையா இது, பம்பரமா?” என்று அம்மாவின் அண்ணனான மாமா தலையில் குட்டுவார். அப்பேர்ப்பட்ட என்னிடம், மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் போய், அம்மா அசையாமல் உட்காருகிற வேலையை ஒப்படைத்தாள் என்றால் அவள் எவ்வளவு தவித்துப் போயிருக்க வேண்டும்!

எங்கள் ஊரில் கோயில் திருவிழா முடிந்த மறுநாள் மதியம் அசனம் நடக்கும். வீட்டுக்கு வீடு அரிசியும் பணமும் கொடுத்து, கிடா வெட்டி, கோயில் வாசல் பந்தலில் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். அந்தப் பந்தியில் நான் சித்தியின் பக்கத்தில் உட்கார வேண்டும். என்ன நடந்தாலும் எழுந்திருக்கக் கூடாது. அம்மா சொன்னது இவ்வளவுதான்.

சித்தி அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். சித்தப்பா லாரி ஓட்டியவர். வடக்கே போய் வந்து கொண்டிருந்தவர் ஒருமுறை மெலிந்து வந்து படுத்தார். பிறகு ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் இறந்து போனார். பிணம் வீடு வந்து சேர்வதற்குள் அது எய்ட்ஸ் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. சித்திக்கும் இருந்தது. மாதாமாதம் பஸ் ஏறிப் போய் மாத்திரை வாங்கி வந்தாள். நர்ஸம்மா ஒருவர் வந்து, தொட்டால் ஒட்டாது, கூட உட்கார்ந்து சாப்பிட்டால் ஒட்டாது என்று மைக் வைத்துச் சொல்லிவிட்டுப் போனார். ஊர் மொத்தமும் தலையாட்டிக் கேட்டது. கேட்டுவிட்டு, குழாயடியில் சித்தி குடத்தை வைத்ததும் தங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தது. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கும்பிடும் நேரத்தில் சித்திக்கு முன்னால் முதுகுகள்தான் இருந்தன.

நாங்கள் அப்படியில்லை. அம்மா பொழுது சாய்ந்ததும் குழம்பும் சோறும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். புறவாசல் வழியாகப் போய், புறவாசல் வழியாகவே வருவாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள் நானும் கூடப் போயிருந்தேன். சித்தி கிண்ணத்தைக் கையில் வாங்கவில்லை.

“அசனத்துல நானும் வந்து உக்காரப் போறேன்க்கா. எல்லாரோடயும் சேந்து ஒரு வாய் தின்னுட்டேன்னா இங்கனயே கெடப்பேன். என்னையப் பாத்து எந்திரிச்சுப் போனாகன்னா, மறுநா வண்டியில கெளம்பிருவேன். இப்படி ஒத்தையில கெடந்து சாக என்னால ஏலாது.”

“வாடி. நான் இருக்கேன்” என்றாள் அம்மா.

அசனத்தன்று காலைப் பூசையில் சாமியார், இயேசு பாவிகளோடும் வரி வசூலித்தவர்களோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்டதைப் பற்றித்தான் பேசினார். நல்ல பிரசங்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். என் அப்பா, நாங்கள் அய்யா என்று கூப்பிடுகிறவர், இரண்டு தடவை சொன்னார். சாமியார் அதோடு பைக்கில் ஏறி அடுத்த ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டார். 

மதியம் பந்தலில் இலை போட்டாயிற்று. கறி வாசனை மூக்கைத் துளைக்க, அசனக் கமிட்டித் தலைவரான மாமா ஜெபத்தைத் தொடங்கினார். ஊரில் உள்ளவர், இல்லாதவர், கடல் தாண்டிப் போனவர் என்று ஒருவரையும் விடாமல் வேண்டினார். சொந்தத் தங்கச்சியை மட்டும் எப்படியோ விட்டுவிட்டார். மணல் சுட்டது. கட்டெறும்பு ஒன்று என் தொடையில் ஏறிக் கடித்தது. ஐயோ, அந்தக் கடி! எழுந்து குதித்திருப்பேன். ஆனால் அதற்குள் சித்தி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணத்துக்கு எடுத்த நீலப் புடவையைக் கட்டியிருந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

யாரும் சண்டை போடவில்லை. ஒருத்திக்கு வீட்டில் அடுப்பை அணைக்காதது நினைவுக்கு வந்தது. ஒருத்திக்குப் பிள்ளை தூங்கி எழுந்திருக்கும் நேரமாகிவிட்டது. இன்னொருத்தி சும்மாவே எழுந்து போனாள். கொஞ்ச நேரத்தில் அந்த வரிசை முழுக்க வெறும் இலைகள். சோறு போட்ட ஊர் அண்ணன் ஒருவன் என் இலையில் அள்ளி வைத்துவிட்டு, சித்தியின் இலையைத் தாண்டி நடந்தான்.

நான் அம்மாவைத் தேடினேன். தண்ணீர் வாளியோடு பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ‘உட்காரு, உட்காரு’ என்று கண்ணாலேயே சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் குறுகுறுத்தது. உட்கார்ந்திருந்தேன்.

அய்யா குழம்பு வாளியோடு வந்தார். எனக்குக் கறியாகப் பார்த்து ஊற்றினார். அடுத்து சித்தியின் இலை. கரண்டியை முக்கி எடுத்துவிட்டார். அப்போது மாமா பின்னாலேயே வந்து, சத்தம் போடாமல்தான் சொன்னார்.

“மச்சான், அந்த எலையில ஊத்துனீகன்னா இந்த வாளிய ஒருத்தரும் தொடமாட்டாக. ஊரு பட்டினியாப் போயிரும். யோசிச்சுக்கங்க.”

அய்யாவின் கை அப்படியே நின்றது. கரண்டியிலிருந்து குழம்பு சொட்டி மணலில் விழுந்தது. ஊற்றவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. எனக்கோ பொறுக்கவில்லை.

“அய்யா, சித்திக்கும் ஊத்துங்க!” என்று கத்தினேன்.

பந்தல் முழுக்க எங்களைப் பார்த்தது. சித்தி அய்யாவின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு, ஒரு பருக்கைகூட விழாத அந்த இலையைத் தன் பக்கமாக மடித்தாள், விருந்தில் வயிறாரச் சாப்பிட்டவர்கள் மடிப்பதைப் போல.

“எனக்குப் போதும் அத்தான். வயிறு நெறஞ்சிருச்சு.”

எழுந்து புடவையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்தாள். அய்யா கரண்டியிலிருந்த குழம்பை வாளிக்குள்ளேயே விட்டார். எழுந்து போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். வீட்டு அடுப்பெல்லாம் அதற்குள் அணைந்திருக்க வேண்டும். மறுநாள் காலை ஆர்.எஸ்.மங்கலம் போகிற பஸ்ஸில் சித்தி ஒரு பையோடு ஏறிப் போனதாகச் சொன்னார்கள். எங்கே போனாள் என்று யாரும் விசாரிக்கவில்லை.

அசனத்தன்று எனக்குச் சித்தி மேல் கோபமான கோபம். எறும்புக்கடியையும் பொறுத்துக்கொண்டு நான் அசையாமல் இருந்திருக்கிறேன், இவள் என்னடாவென்றால் சாப்பிடாமலேயே எழுந்து போய்விட்டாளே! பந்தி முடிந்து கை கழுவப் போனபோது அம்மாவிடம் முறையிட்டேன்.

“நான் எந்திரிக்கவே இல்லம்மா. சித்திதான் எந்திரிச்சுப் போச்சு.”

அம்மா என் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“ஆமாடி. இந்த ஊர்ல அவளோட நீ ஒருத்திதான் உக்காந்திருந்த” என்றாள். சொல்லிவிட்டு, செம்பைக் கீழே வைத்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அந்த வார்த்தையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். இவ்வளவு பெரிய பாராட்டை எனக்குக் கொடுத்துவிட்டு அம்மா எதற்காக அழ வேண்டும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.