பவளத்துக்கு எதற்கு ஃபேன்?

பள்ளிக்கூடமும் நானும் மூன்றாம் வகுப்பிலேயே பிரிந்துவிட்டோம். அதனால் தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூர் பிரேசர் டவுனில், ஒரு பாயின் வளர்ப்பு மீன் கடையில் தொட்டி கழுவிக்கொண்டிருந்தேன். அல்சூரிலிருந்து ஒரு பழைய மொபெட்டில் வருவேன். நான் போன தெருவில் நீலப் புகை கொஞ்ச நேரம் நிற்கும். என்னைத் தேடுகிறவர்கள் புகையைப் பிடித்துக்கொண்டே வந்துவிடலாம்.

கடையில் எனக்குப் பிடித்த வேலை பவளக் கல் வெளுப்பது. மீன் தொட்டியில் அழகுக்குப் போடுவார்களே, கிளை கிளையாக, அந்தக் கல். மூட்டையில் அழுக்காக வரும். பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, பல் பிரஷ்ஷால் தேய்த்துப் பால் மாதிரி எடுத்து வைப்பேன். என் பல்லைக்கூட அப்படித் தேய்த்ததில்லை. பவளம் என்றால் வெள்ளை, வெள்ளை என்றால் சுத்தம். என் மொத்தப் படிப்பும் அவ்வளவுதான்.

அப்புறம் ராமநாதபுரத்துக்காரன் வேலைக்குச் சேர்ந்தான். கடலோரத்தில் வளர்ந்தவன். என்னைவிட இரண்டு வயது சின்னவன், மூன்று அங்குலம் உயரம், நான்கு மடங்கு அமைதி. வந்த மாதமே பாய் அவனிடம் உப்புத்தண்ணித் தொட்டியை ஒப்படைத்துவிட்டார். கடைக்கு அப்படி ஒரே ஒரு வாடிக்கைதான். பக்கத்துத் தெரு பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில், வலியோடு வருகிறவர்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் இருந்தது. மூன்றடித் தொட்டி. மெட்ராஸிலிருந்து கேனில் வரும் கடல் தண்ணீர். உள்ளே பழுப்பும் பச்சையுமாக, உயிருள்ள பவளம். எனக்கு அது கழுவாத கல்லாகத்தான் தெரிந்தது.

டாக்டரம்மா அவனை 'நீங்க' என்பார், காபி கொடுப்பார். அதே கிளினிக்கில் இரண்டு வருடமாகத் தங்கமீன் தொட்டி கழுவும் என் பெயர் 'ஏய் மீனு'. காபி வாசனை மட்டும் எனக்கு. வயிறு எரிந்தது. பின்னால் தண்ணீர் சூடானதற்கு என் வயிறும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வெயில் காலம் வந்ததும் அவன் தொட்டி மூடியைத் திறந்து, தண்ணீர் மேல் காற்று படும்படி ஒரு டேபிள் ஃபேனை ஓடவிட்டான்.

"என்ன மச்சி, கல்லுக்கு வேர்க்குதா? அப்டியே கொசுவத்தியும் ஏத்தி வை."

"கல்லு இல்லண்ணே, உசுரு. ரெண்டு டிகிரி கூடுனா தாங்காது."

"இது பெங்களூருடா. நானே ஃபேன் இல்லாத வூட்ல பொறந்து வளந்தவன். உன் பவளம் என்ன, எனக்கு மேலயா?"

ஃபேன் வாங்காதது எங்கள் ஊர்ப் பெருமை. அந்த ஏப்ரலில் அந்தப் பெருமைக்கே வேர்த்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை.

அவன் தங்கை கல்யாணத்துக்குப் பத்து நாள் ஊருக்குப் போனான். "ஃபேன மட்டும் நிறுத்திராதீங்கண்ணே" என்று இரண்டு தடவை சொன்னான். இரண்டு தடவையும் தலையாட்டினேன். அவன் பஸ் ஏறியதும் ஃபேனை நிறுத்தி மூடியைப் போட்டேன். ஃபேன் இல்லாமலே தொட்டி நன்றாக இருக்கிறது என்று காட்டிவிட்டால் தொட்டி எனக்கு, காபியும் எனக்கு.

ஐந்தாம் நாள் பவளத்தின் நுனி வெளுத்தது. ஒன்பதாம் நாள் மொத்தமும் வெள்ளை. பிளீச்சிங் இல்லை, பிரஷ் இல்லை! என் கைராசியை நினைத்து எனக்கே கண் கலங்கியது.

"அய்யோ, எஷ்டு சென்னாகிதே! எவ்ளோ அழகு!" என்றார் டாக்டரம்மா. "நம்ம பேஷண்ட் யாருக்கும் இவ்ளோ வெள்ளையா பல்லு இல்ல. நீங்களா செஞ்சது?"

நீங்க! காபியும் வந்தது. பாய் முதுகில் தட்டினார். "க்யா பாத் ஹை ரே! இனிமே அந்த டேங்க் உன்னுது."

மறுநாள் காலை ராமநாதபுரத்துக்காரன் பையோடு நேராகக் கிளினிக்குக்கு வந்தான். அவன் முகம் சுருங்குவதைப் பார்க்கவே நான் முன்னால் போய் நின்றிருந்தேன். அவன் மூடியைத் தூக்கித் தண்ணீரில் விரலை விட்டான்.

"ஃபேன் போடலியாண்ணே?"

"போடாமயே எப்டி பளபளன்னு ஆக்கி வெச்சிருக்கேன், பாரு."

"இது சுத்தம் இல்லண்ணே. இதுக்குள்ள பொடிப்பொடியா பாசி குடியிருக்கும். அதான் இதுக்கு நெறம், அதான் சோறு. சூடு தாங்காம அத வெளிய தள்ளிருச்சு. இப்பப் பட்டினியா நிக்குது."

"செத்துருச்சா?"

"இன்னும் இல்ல. சூடு எறங்கலன்னா செத்துரும்."

டாக்டரம்மா வெளியே வந்தார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவனோ, "கரண்டு கட்டுல தண்ணி சூடாயிருச்சு மேடம், சரி பண்ணிருவோம்" என்றான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நல்லவனாகவும் இருந்து தொலைத்தான். இன்னும் எரிந்தது.

ஐஸ் வாங்கி வந்து, பாலிதீன் பையில் கட்டி, தொட்டியில் மிதக்கவிட்டோம். சும்மா இருக்க முடியாமல், "கல்யாணம் எப்டி மச்சி?" என்றேன்.

"நல்லா நடந்துச்சு. மறுநா அண்ணன் வள்ளத்துல தீவுப் பக்கம் போயி முங்கிப் பாத்தேன். அங்கயும் இப்டித்தாண்ணே. கண்ணுக்கு எட்டுற வரைக்கும் வெள்ளை."

"அங்க எவன்டா ஃபேன அணைச்சான்?"

அவன் சிரிக்கவில்லை. "வண்டிப் புகை, மில்லுப் புகை எல்லாம் மேல போயி சூட்ட வெளிய விடாம பிடிச்சுக்குதாம். நீங்க மூடியப் போட்டு வெச்சீங்கள்ல, அது மாதிரி. கடலே சூடாகிட்டு வருதாம். பவளம் போச்சுன்னா அதுல ஒதுங்குற மீனும் போயிரும். எங்கண்ணன் எதப் பிடிப்பாரு?"

ஜன்னலுக்கு வெளியே என் மொபெட் நின்றது. அதைப் பார்க்காத மாதிரி ஐஸைப் பார்த்தேன்.

அதற்கப்புறம் தினமும் கடை திறக்கும் முன்பே கிளினிக்குக்குப் போய் ஃபேன் போட்டது நான்தான். பவளத்தில் பாதி பிழைக்கவில்லை. செத்ததன் மேலே வழவழவென்று வேறொரு பாசி ஏறி நாறியது, எடுத்துவிட்டோம். இரண்டு மாதம் கழித்து, மிச்சமிருந்த கிளை ஒன்றில் அரிசி அளவுக்கு ஒரு பழுப்புப் பொட்டு. ஓடிப்போய் அவனை இழுத்து வந்து காட்டினேன். இத்தனை வருடம் நான் தேய்த்துத் தேய்த்து விரட்டிய அதே பழுப்பு.

"பொழைச்சிருச்சுண்ணே" என்றான். "இனி இந்தத் தொட்டிய நீங்களே பாத்துக்கங்க."

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவன் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

"எங்க கடல்லயும் இப்டி ஒரு பொட்டு வந்திருக்குமாண்ணே?"

எனக்கு மூன்றடித் தொட்டி. அவனுக்குக் கவலைப்பட ஒரு முழுக் கடல். அதற்கும் பொறாமைப்பட்டேன் என்றால் என் லட்சணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் மொபெட்டைக் கிளப்பாமல் அல்சூர் வரை தள்ளிக்கொண்டே போனேன். மறுநாள் முழங்கால் வலித்தது. கிளப்பிவிட்டேன்.