‘இன்னைக்கு’ நீதிபதி

“நாளைக்குன்னா எந்த நாளைக்கு?” என்று தொலைபேசியில் குழாய் ரிப்பேர்காரரை மடக்கிக்கொண்டிருக்கிறார் பெரியவர். சமையலறைக் குழாய் ஒரு வாரமாக ஒழுகுகிறது. மறுமுனையில் ஏதோ சமாதானம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “காரணம் வேணாம், நேரம் சொல்லுங்க” என்கிறார். அடுப்பருகே மனைவி சிரிக்கிறார்.

“வக்கீலுங்க நடுங்குனாங்க. குழாய்க்காரர் நடுங்குவாரா?”

நடுங்கியது உண்மை. நீதிமன்றத்தில் தட்டச்சராகச் சேர்ந்து, மாலைக் கல்லூரியில் சட்டம் படித்து, நாட்டின் தலைமை நீதிபதி வரை ஏறியவர் அவர். வாய்தா என்ற சொல் காதில் விழுந்தாலே முகம் சுருங்கிவிடும். “கேக்குற உங்களுக்கு அது ஒரு வார்த்தை. உள்ள கிடக்குறவனுக்கு ஒரு மாசம்” என்பார். வக்கீல்கள் அவருக்கு ‘இன்னைக்கு’ என்றே பட்டப்பெயர் வைத்தார்கள்.

நாட்டின் தேர்தலை அதிபர் தள்ளிவைத்தபோது, அது செல்லாது என்று இவர் தீர்ப்பெழுதினார். அன்றிலிருந்து அரசு அவர்மேல் ஒரு கண் வைத்தது. வீடு, வங்கி, உறவு என்று துருவித் துருவிப் பார்த்தார்கள். ஒன்றும் சிக்கவில்லை.

சிக்கவைத்தவன் தங்கை மகன். கண்மண் தெரியாமல் காரை ஓட்டி, சாலையைக் கடந்த ஒரு தையல்காரப் பெண்ணின் காலை முறித்துவிட்டான். போலீஸ் உள்ளே தள்ளியது. தகப்பன் போனபின் அவரே வளர்த்த தங்கை, வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். “உன் ஒரு வார்த்தை போதும்ணா.”

அவர் மாஜிஸ்திரேட்டுக்குப் போன் போட்டார். “அந்தப் பையனோட ஜாமீன் மனுவ இன்னைக்கே எடுத்துருங்க.” வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் பையன் வீட்டில் இருந்தான்.

விஷயம் கசிந்ததும் அரசு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. நாடாளுமன்ற விசாரணைக்கு முன் அவருடைய வக்கீல் கெஞ்சினார்: “எல்லா மனுவையும் இன்னைக்கேன்னுதானே சார் சொல்வீங்க? அதையே சொல்லிடுங்க. யாராலயும் அசைக்க முடியாது.”

விசாரணையில் எழுந்து நின்றார். “என் தங்கச்சி பையன்னுதான் கேட்டேன். வேற பையனா இருந்தா போன் போட்டிருக்க மாட்டேன்.”

பதவி போயிற்று. வக்கீலாகவும் இனி வாதாட முடியாது என்றார்கள். சூடு ஆறுவதற்குள் தேர்தல் மறுபடி தள்ளிப்போனது. புதிய தலைமை நீதிபதி வாயைத் திறக்கவில்லை. அதுதான் அவரை உள்ளே அரிக்கிறது. “என்னைத் தூக்குனது போகட்டும். அவங்களுக்குக் கதவ நானே தொறந்துவிட்டுட்டேன்” என்று மனைவியிடம் ஒருமுறை சொன்னார். தங்கையை மட்டும் ஒரு சொல் கடிந்ததில்லை.

சென்ற வாரம் வக்கீல்கள் சிலர் வீடு தேடி வந்தார்கள். தேர்தல் நடத்தச் சொல்லி ஊர்வலமாம். “நீங்க முன்னாடி நின்னா போதும் சார், ஊரே திரண்டுடும்.”

“முன்னாடி நிக்கிற தகுதிய ஒரு போன்ல தொலைச்சுட்டேன்ப்பா” என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஊர்வலம் அவர் தெரு வழியாகவே வந்தது. ஜன்னலோரம் நின்றவர், கடைசி ஆட்கள் கடக்கும்போது செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி, வாலில் சேர்ந்துகொண்டார். யாரோ அடையாளம் கண்டுவிட்டார்கள். “ஐயா வந்திருக்காரு! வழி விடுங்கப்பா, முன்னாடி போகட்டும்!”

கூட்டம் இரண்டாகப் பிளந்து வழி விட்டது. அவர் சட்டென்று குனிந்து, அவிழாத செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்கினார். எல்லோரும் மறுபடி நடக்கத் தொடங்கும்வரை நிமிரவே இல்லை.