வைது அனுப்பிய சாவு

செத்த புருஷனை வண்டியில் உட்காரவைத்து, குடிகாரா என்று தெருவே கேட்க வைதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்த மனுஷன் கள்ளைக் கையாலும் தொட்டதில்லை. என்னிடம் நியாயம் பேச வருகிறவர்கள் பிளேக் வந்த வருஷம் கோலார் தங்கவயலில் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

நாங்கள் வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்த ஜனம். நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம், மூங்கில் தட்டி வீடுகள் வரிசையாக நின்ற லைனில் குடியிருந்தோம். முதலில் கூரையிலிருந்து எலி விழுந்தது. அப்புறம் மனுஷர் விழுந்தார்கள். அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டும், உடம்பு கொதிக்கும், இரண்டொரு நாளில் கதை முடிந்துவிடும். ஜனம் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பியது. ஆள் பிதுங்கச் சுரங்கக் குழிக்குள் இறங்கின கேஜ் கூண்டு பாதி காலியாக இறங்கியது. நேற்றுவரை நாயை விரட்டுகிற மாதிரி விரட்டின மேஸ்திரிகள் வீடுவீடாக வந்து, போகாதீங்க, கூலி கூட்டித் தர்றோம் என்று கெஞ்சினார்கள். ஆண்டர்சன்பேட்டைக் கடைக்காரர் காசைக் கையில் வாங்காமல் தண்ணீர்ச் சட்டியில் போடச் சொன்னார். ராகி விலையை மட்டும் கூசாமல் ஏற்றினார். கல்யாணங்கள் நின்றன. கூட்டம் சேரும் என்று மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதும் நின்றது. தினமும் என் அடுப்பிலிருந்து நெருப்பு வாங்கிப் போன பக்கத்து வீட்டுக்காரி, நான் ஒரு தும்மல் போட்டதற்குக் கதவைச் சாத்தினாள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம், சாவு வீட்டில் சத்தம் இல்லாமல் போனது. பறை அடித்தால், ஒப்பாரி வைத்தால், பிளேக் ஆபீஸ் ஆட்கள் மோப்பம் பிடித்து வருவார்கள். கூரையைப் பிரித்து, பாயையும் துணியையும் கொளுத்திவிட்டு, மிச்சம் இருப்பவர்களை ஊருக்கு வெளியே போட்டிருந்த கொட்டகைக்கு ஏற்றிப் போவார்கள். எங்கள் எதிர்வீட்டுக்காரியை அப்படித்தான் கைக்குழந்தையோடு கொண்டுபோனார்கள். அவள் திரும்பி வந்தாள், குழந்தை வரவில்லை. எனக்கு இருந்தது ஒரே பிள்ளை. அப்போது அவனுக்கு நாலு வயசு.

சம்பளத்துக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் புருஷன் போனார். முந்தின நாள் ஷிப்ட் முடிந்து வந்தவர் குளிர்கிறது என்று படுத்தார். அக்குளைத் தொட்டுப் பார்த்தேன், எலுமிச்சம்பழம் போலிருந்தது. நினைவு தப்புவதற்கு முன்னால் அவர் சொன்னது ஒன்றுதான்.

"புள்ளைய மட்டும் கொட்டாய்க்கு வுட்றாத."

மூச்சு நின்றதும் என் மாமியார் வாய் திறக்கப் போனாள். நான் அவள் முந்தானையையே அவள் வாயில் வைத்து அழுத்தினேன். பெற்ற பிள்ளைக்கு அழவிடாமல் ஒருத்தியின் வாயை அடைப்பது என்ன பாவமோ, தெரியாது. அவளும் புரிந்துகொண்டு, பேரனை மடியில் இறுக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள்.

அவரோடு ஒரே ஷிப்டில் வேலை செய்த இரண்டு பேர் பின்வாசல் வழியாக வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, லைன் முனையில் காவல்காரன் நிற்கிறான். பிணத்தையோ நோயாளியையோ அவனைத் தாண்டி எடுத்துப்போக முடியாது. அந்த இருவரில் மூத்தவர்தான் யோசனை சொன்னார். சம்பள ஞாயிற்றுக்கிழமை, குடித்துச் சாய்ந்தவர்களைக் கைவண்டியில் போட்டு இழுத்துப்போவது வழக்கம், எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

"அண்ணி, நீங்க அழக் கூடாது. திட்டணும்" என்றார்.

உடம்பு விறைப்பதற்குள் அவருக்குத் தலைப்பாகை கட்டி, சட்டையில் சாராயத்தைத் தெளித்து, இருவரும் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து வண்டியில் உட்காரவைத்தார்கள். நான் பொட்டைத் திருத்திக்கொண்டு, தலையில் பூவோடு தெருவுக்கு வந்தேன்.

எங்கள் பக்கத்து வசவில் சாவு இல்லாத வசவு ஏது? பாடையில போக, கட்டையில போக, மண்ணாப் போக என்று தினமும் வாயில் உருளுகிறவைதான். அன்றைக்கு அவற்றில் ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. காவல்காரன் வண்டியை நிறுத்தி, தடியால் அவர் முழங்காலைத் தட்டினான். வாயில் வந்ததைக் கத்தினேன்.

"சம்பளத்த பூரா குடிச்சிட்டு வந்து நிக்கிறியே, ஒனக்கெல்லாம் புள்ள ஒரு கேடா? போ! இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத!"

காவல்காரன் சிரித்துவிட்டான். "உடும்மா, தெளிஞ்சா வந்துருவான்" என்று எனக்குச் சமாதானம் சொல்லி வழிவிட்டான். வண்டி வளைவில் மறையும்வரை நான் வைதுகொண்டே நின்றேன். நந்திதுர்க் தாண்டிப் புதர்க்காட்டில் அவர்களே குழி வெட்டிப் புதைத்தார்கள்.

அந்த இருவரில் இளையவர் அடுத்த வாரமே அதே நோயில் போனார். எங்கள் வீட்டிலிருந்தே ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம். அவர் அம்மாவை வழியில் பார்த்தால் இன்றைக்கும் வேறு சந்தில் திரும்பிவிடுகிறேன்.

பிள்ளை கொட்டகைக்குப் போகவில்லை, பிழைத்தான். நோய் தணிந்தது. போன ஜனத்தில் பாதி திரும்பியது, புது ஜனமும் வந்தது. தட்டி வீடுகளைத் தள்ளித் தள்ளிக் கட்டினார்கள். நான் சுரங்கத்துக்கு மேலே கல் பொறுக்கும் வேலையில் சேர்ந்தேன். லைன் முழுக்க நான் ஆடின கூத்தை நம்பிவிட்டது. குடிகாரன், பெண்டாட்டி திட்டினாள் என்று ஓடிப்போனான், பெங்களூரில் எவளோடோ இருக்கிறான் என்று குழாயடியில் பேசினார்கள். உண்மையைச் சொன்னால் குழி வெட்டின மூத்தவருக்கு வேலை போகும். ஆகவே பொட்டும் பூவுமாகவே வருஷங்களை ஓட்டினேன். குடிகாரனைப் பெத்தவ என்ற பேச்சை மாமியார் தலை குனிந்து கேட்டுக்கொண்டு வந்தாள்.

அந்த மூத்தவர் கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்கே போய்விட்ட சமயம். பிள்ளைக்குப் பத்து வயசு. பள்ளிவிட்டு வந்து, நான் போட்ட களியைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"நீ அன்னிக்கி அப்டி திட்டாத இருந்திருந்தா, அப்பா திரும்பி வந்துருப்பாரில்ல?"

தட்டிச் சந்து வழியாக அவன் பார்த்திருக்கிறான். அப்பாவைப் பற்றி அவனிடம் இருந்த ஞாபகமே அது ஒன்றுதானாம். அம்மா விரட்டினதால் அப்பா போனார் என்று ஆறு வருஷமாக மனசில் வைத்துக்கொண்டு, என்னிடமே சோறு வாங்கித் தின்றிருக்கிறான். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றும் மறைக்கவில்லை. அவன் களித் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தான்.

"அப்போ நீ திட்டினது அவருக்குக் கேக்கலியா?"

"கேக்கலடா."

"நல்லதாப் போச்சும்மா" என்றான்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. வாய்விட்டு அழுதேன். மாமியார் மூலையிலிருந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள். லைனில் இருந்த பெண்கள் மறுபடி பிளேக்கோ என்று பயந்து ஓடிவந்து, வாசலோடு நின்று யார் செத்தது என்று கேட்டார்கள். சொன்னோம்.